பூசணம் துடைத்த பால்கட்டி

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுக் கப்பலேறினார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்த என் தாய்மாமாவுக்கு வேலை போயிற்று. ஒரு தகரப்பெட்டியும், ஈரத்துணியில் சுற்றிய சிறிய வட்ட மரப்பெட்டியுமாக அன்னவாசலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த மரப்பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூடியில் ஒரு பசுவின் படம்.

“உள்ள என்ன மாமா?”

“பால்கட்டி, மாப்ளே. கமம்பேர்னு பேரு. அவுங்க சீமையில நார்மந்தின்னு ஒரு பக்கம் இருக்கு. அங்கிட்டு எப்பப் பாத்தாலும் தூறிக்கிட்டே இருக்குமாம். பசுவெல்லாம் முழங்கால் மட்டும் பச்சைப் புல்லுல நிக்குமாம்.”

எங்கள் பசு அந்தப் பக்கம் வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. இந்தப் பேச்சு அதன் காதில் விழாமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா கப்பலேறும்போது மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனதாம் அது. மாமா அதைத் தின்னவில்லை. சைகோனில் பல காலம் வியாபாரம் செய்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பிய ஒருவர், வெள்ளைக்காரச் சமையல் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். மாமாவை வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

“கோழிக்குழம்பு வைக்க ஆயிரம் பேர் இருக்கான். இதைக் கொண்டுபோய் முன்னால வச்சம்னா வேற பேச்சே இல்லை” என்றார் மாமா. அதுவரை பெட்டியை ஒரு சட்டியில் ஈர மணலுக்கு நடுவே வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். இரண்டாம் நாள் வீட்டில் ஒரு வாடை கிளம்பியது. அப்பா கூரையெல்லாம் செத்த எலியைத் தேடினார்.

வியாழன் காலை மாமா முடி வெட்டிக்கொள்ளக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன். உள்ளே மேலெல்லாம் பஞ்சு படர்ந்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

“அம்மா, மாமா பால்கட்டியில பூசணம் பிடிச்சிருச்சு.”

அம்மா வந்து பார்த்தாள். “இதை நம்பியில்ல ஒக்காந்திருக்கான், பாவம்” என்றாள்.

எலுமிச்சை ஊறுகாயில் பூசணம் பூத்தால் எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. அதையே இதற்கும் செய்தாள். துணியால் வெள்ளையெல்லாம் துடைத்து, உப்பும் மஞ்சளும் தடவி, முறத்தில் வெயிலில் வைத்தாள். அந்தப் பூசணம்தான் அதற்குத் தோல் என்றும், அதை வளர்க்கத்தான் அந்த ஊரில் அத்தனை பாடுபடுகிறார்கள் என்றும் எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் குச்சியோடு காக்கைக்குக் காவல் இருந்தேன். ஊறுகாய் வெயிலில் சுருங்கும். இது முதலில் வியர்த்தது. பிறகு இளகியது. பிறகு முறத்தின் இடுக்கு வழியே இறங்கத் தொடங்கியது.

உச்சிவேளைக்கு மாமா திரும்பினார்.

“தம்பி, பூசணத்தையெல்லாம் துடைச்சிட்டேன்டா. நல்ல வேளை, இவன் பாத்தான்” என்றாள் அம்மா. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மாமா முறத்தைப் பார்த்தார். “அக்கா, அந்தப் பூசணம்…” என்று தொடங்கினார். அம்மாவைப் பார்த்தார். “நல்லதுதான்க்கா செஞ்ச. எனக்குத் தோணாமப் போச்சு” என்றார். மிச்சத்தைத் தோசைத் திருப்பியால் வழித்துப் பெட்டியில் போட்டு மூடினார்.

என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். புதுக்கோட்டையில் பெரிய இரும்புக் கேட் போட்ட வீடு அது. கேட்டுக்குள் படுத்திருந்த செவலை நாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மாமா எதிர்ப்பக்கமே நின்றார். பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். வெகுநேரம் கழித்து, “வா மாப்ளே” என்று பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, மஞ்சளாகிப் போன அந்தப் பால்கட்டியை விரலால் வழித்து வழித்து அவரே தின்றார்.

“எப்படியிருக்கு மாமா?”

“நம்ம ஊரு ருசி வந்திருச்சு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “அவருக்கு ரொம்பப் பிடிச்சுதுக்கா. ஆனா முந்தியே வேற ஆளு வச்சிட்டாராம்” என்றார்.

“ஒரு வெயில் காமிச்சா எதுவும் சரியாகும்னு எனக்குத் தெரியும்” என்று அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இவ்வளவு பெரிய ஆளுக்கு நாய் என்றால் இத்தனை பயமா என்று எனக்கு ஆச்சரியம். அது அம்மாவுக்குத் தெரிந்தால் மாமாவுக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று, நடந்ததை நான் யாரிடமும் சொல்லவே இல்லை.