ஜாக்கி இரண்டு

மலைமேல் வெள்ளக்கடையில் ஸ்கூட்டரும் ஜீப்பும் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக் ஒடிசலான ஆள். வெயிலிலும் மங்கி குல்லாவைக் கழற்றமாட்டார். ஸ்பானர், சுத்தியல், வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கி என்று எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருந்தார்: ஒன்று பட்டறையில், மற்றது மேட்டுக்கு மேலே வீட்டில். என் வீட்டில் ஒரே ஒரு சுத்தியல்தான் உண்டு. அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

ஒரு நாள் என் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்ட நேரத்தில் ஸ்பானர் உடைந்துவிட்டது.

"ஊட்ல இருக்கறத எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாமுங்க. அது அங்கயே இருக்கோணும். புதுசு வாங்கிக்கறேன்."

"இதென்னங்க, ரெண்டு சம்சாரக்காரராட்டம் தனித்தனியா வெச்சுருக்கீங்க?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"முன்ன ஒண்ணொண்ணுதானுங்க இருந்துச்சு. ஜாக்கி ஊட்ல கெடந்துச்சுன்னு, கல்ல முட்டுக் குடுத்து எந்தம்பி ஜீப்புக்கு அடியில படுத்தான். கல்லு நழுவிருச்சு. ஜாக்கி எடுக்க ஊட்டுக்கு ஓடுனேனுங்க."

"அப்புறம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஜாக்கி வந்துருச்சுங்க."

ஸ்கூட்டர் பக்கம் குனிந்துகொண்டார்.

என்னிடம் கார் கிடையாது. இருந்தும் அந்த வாரமே சேலத்துக்கு இறங்கி இரண்டு ஜாக்கி வாங்கி வந்தேன். ஒன்றை வீட்டில் வைத்தாயிற்று. மற்றதை எங்கே வைப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.