லோரியைக் கொண்டுபோய் விட்டது

ரவாங்கில் இருக்கும் என் மகளுக்கு இது ஏழாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை புளிச்சாதம் கட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு, கைப்பேசியில் ஒரு பச்சைக் குழந்தையின் அழுகையை ஓடவிட்டிருந்தாள். எதிரே அவளுடைய பூனை. அது பயப்படாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு துண்டு கோழி. அவள் கையெல்லாம் குழந்தைப் பவுடர் வாசனை.

“என்னடி இது?”

“ட்ரெய்ன் பண்றேன்மா. பேபி வந்தா அதுக்கு ஷாக் ஆவக் கூடாதுலா.”

பூனைக்கு அதிர்ச்சி ஆகக் கூடாதாம். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் பொறந்தப்ப நம்ம வீட்டுல ஒரு நாய் இருந்துச்சாமே? அப்பா ஒரு தடவ சொன்னாரு. அத என்னா பண்ணீங்க?”

“வயசாயி செத்துப் போச்சு” என்றேன்.

அவளிடம் சொன்னது பொய். உங்களிடம் சொல்வதற்கென்ன.

அந்த நாயின் பெயர் லோரி. எண்ணெய் எடுக்கச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளை ஒன்று விடாமல் துரத்தும், அதனால் என் வீட்டுக்காரர் வைத்த பெயர். கோலா சிலாங்கூருக்கு உள்ளே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். அவருக்குத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை. எனக்கு டவுனில் ஒரு துணிக்கடையில். லோரி எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்தது, அதுதான் விஷயமே. அவர் வேலை முடிந்து வந்ததும் முதலில் கேட்பது “லோரி சாப்ட்டுச்சா?” இரண்டாவது, குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா. நான் சாப்பிட்டேனா என்பது மூன்றாவது. ஒரு நாயோடு போட்டி போட்டேன் என்று இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டேன். அந்த நாயோ, நான் பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் தெரிந்து, தினமும் பெரிய சடக்கு முனையில், ரோட்டோரமாக எனக்காக நின்றது.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது. “நாய் முடி பிள்ளைக்கு ஆவாதாம், நர்ஸ் சொன்னாங்க” என்றேன். எந்த நர்ஸும் அப்படிச் சொல்லவில்லை.

“கட்டிப் போட்டுருவோம்லா” என்றார் அவர்.

அதுவரை சங்கிலி அறியாத நாய். சமையலறைக்குப் பின்னால் கட்டினோம். பகலெல்லாம் ஊளையிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வடித்த கஞ்சியைச் சூடு ஆறுவதற்குள் அதன் முதுகில் ஊற்றினேன். கை தவறவில்லை, ஊற்றினேன். சட்டியைத் தானே தட்டிவிட்டுக்கொண்டது என்று அவரிடம் சொன்னேன். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அவர் தடவிவிட்டார். மறுநாள் சாயங்காலம் அவர் அவிழ்த்துவிட்டதும், முதுகில் மஞ்சளோடு சடக்கு முனைக்கு ஓடிவந்து எனக்காக நின்றது.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். “ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.” அவர் லோரியைச் சாக்கில் தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஜெராமில் மீன் இறக்கும் இடத்தில் விட்டுவிட்டு வந்தார்.

“மீன் தலையாவது கெடைக்கும்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அது திரும்பி வந்துவிட்டது. பாதமெல்லாம் வெடித்து, விலா எலும்பு தெரிய. அவர் ஓடிப்போய்க் கூப்பிட்டார். அவரைக் கண்டதும் அது நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு நடுங்கியது. சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, என் காலில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. கொண்டுபோய் விட்டவர்தான் எதிரி என்று கணக்குப் போட்டுவிட்டது, பாவம்.

அவர் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியா, என்னய நம்ப மாட்டுது.” எழுந்துகொண்டே, “இனிமே என்னால முடியாது. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும்” என்றார்.

சரி என்றேன். அது என்னை நம்புகிறது, எனக்கு அது போதும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம், அவர் ஆலைக்குப் போனபின், வேன் வைத்திருந்த என் அண்ணனை வரச் சொன்னேன். அண்ணன் கயிற்றோடு போனபோது லோரி பல்லைக் காட்டியது. நான் வேனின் பின்னால் ஏறி உட்கார்ந்து, பொரித்த மீனைக் காட்டி, “லோரி, வா” என்றேன். உடனே ஏறிவிட்டது.

வழியெல்லாம் அதன் தலை என் வயிற்றின் மேல்தான் இருந்தது. பாலம் தாண்டும்போது பிள்ளை உதைத்தது. லோரி தலையைத் தூக்கி, காதை விறைத்து என் வயிற்றைப் பார்த்தது. பிறகு முன்னைவிட மெதுவாகத் தலையை வைத்துக்கொண்டது. என் மகளுக்கும் அதற்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அப்போதும் நான் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், தஞ்சோங் காராங்கையும் தாண்டி, வயல்காட்டில் இறங்கினோம். மீனை வாய்க்காலுக்கு அப்பால் வீசினேன். அது தாவியது. நான் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

“பாக்காத, குனிஞ்சுக்க” என்றார் அண்ணன்.

நான் பார்த்தேன். வேனுக்குப் பின்னால் ஓடிவந்தது. லோரிகளைத் துரத்தும்போது குரைக்குமே, அந்தக் குரைப்பு இல்லை. வாயில் அந்த மீன் இருந்தது. அண்ணன் வேகத்தைக் கூட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், “சங்கிலிய அத்துக்கிட்டு ஓடிருச்சுங்க” என்றேன். மூன்று நாள், வேலை விட்டு வந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஜெராம் பக்கம் தேடிப் போனார். முன்பு விட்ட இடத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்திருப்பார். நேர் எதிர்த் திசை. எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வந்ததும் தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். நான்காம் நாள் போகவில்லை.

மகள் பிறந்தாள். ஒரு வயது ஆவதற்குள் அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது, நாய் முடியே இல்லாத வீட்டில். ராத்திரியெல்லாம் அவர்தான் தோளில் போட்டு நடந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவளுக்குப் பத்து வயதாகும்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். எல்லாருக்கும் அடுக்குமாடி வீடு, அங்கே நாய் வளர்க்கக் கூடாது. கடைசி லோரியில் சாமான் ஏற்றிப் போனபோது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. கதவைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் உட்கார்ந்திருந்தனவாம். அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அழுதேன். என் வாசலில் நாய் இல்லையே, நீ ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். பஸ் நின்ற சடக்கு முனை எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அண்ணனிடம் கேட்டால், எந்த நாய் என்கிறார். அங்கே இல்லைங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் தேடுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டிய மனிதர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.