கலீமுல்லாவின் மூளைப் படம்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை. அங்கே தோலுக்கு வண்ணம் தெளிக்கும் பிரிவில் கலீமுல்லா மேஸ்திரி. சில நேரம் பேசிக்கொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தி, உதட்டைச் சப்பியபடி சட்டைப் பொத்தானைத் திருகுவார். சற்று நேரத்தில் தெளிந்துவிடும். ஏதோ யோசனை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

1985இல் புது இயந்திரம் பழக அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சிக் கூடத்தில் கீழே விழுந்தார்; கைகால் வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வலிப்பு மூளையின் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு டாக்டரம்மா, தன் ஆராய்ச்சிக்கு வர முடியுமா என்று கேட்டார். சம்மதித்தார். லேசான கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை எடுத்துக்கொள்கிறது என்று வண்ணப் படம் எடுத்தார்கள். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஓரிடம் மட்டும் மங்கி இருட்டாகத் தெரிந்தது.

அந்த இடம் செத்துப்போகவில்லை, வலிப்பு இல்லாத நேரத்தில் சோம்பிக் கிடக்கிறது, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புவதாகத் தோன்றுகிறது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மாத்திரையோடு படத்தின் நகலும் தந்தார்.

ஊர் திரும்பியதும் கலீமுல்லா, தானாகவே போய் மேனேஜர் அஹமது பாஷாவிடம் படத்தைக் காட்டினார்.

"மாத்திரைல கம்மியாயிருக்கு சார். ஆனா மெஷின் பக்கம் வேணாம். கலர் கலக்குற எடத்துல போடுங்க."

மேனேஜர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு பக்கம் மூளை கருகிப் போயிருக்குதே. உன்ன நம்பி எதைக் குடுக்கிறது?"

"கருகல சார். டாக்டரம்மா அப்படிச் சொல்லல."

"கண்ணுக்குத் தெரியுது. நீ இன்னா எனக்குச் சொல்றது?"

மறுநாள் வேலை போயிற்று. ஜெர்மனியில் ஒருவர் அக்கறையோடு சொன்ன விஷயம், ஆம்பூரில் 'மூளை கருகினவன்' என்ற பெயராகித் தெருவரை வந்துவிட்டது.

மனைவி பில்கிஸுக்குப் பொறுக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"ஜெர்மனிக்கு அனுப்பறப்போ இதே மூளைதான சார் இருந்துச்சு? அப்போ நல்லாருந்தது போட்டோ எடுத்ததும் கெட்டுடுச்சா?"

"ஆபீஸ்ல சத்தம் போடாத. கிளம்பு" என்றார் அவர்.

பிறகு கலீமுல்லா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு சின்ன ஷாப்பில் வேலை கேட்டார். நோயை மறைத்துவிடலாம் என்று பில்கிஸ் கெஞ்சினாள், அவர் கேட்கவில்லை. படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், விஷயத்தை வாயால் சொன்னார். முதலாளி இஷ்தியாக் அகமது ஒன்றுதான் கேட்டார்.

"வந்துச்சுன்னா நாங்க இன்னா பண்ணணும்?"

"ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. தெளியற வரைக்கும் பக்கத்துல இருங்க."

சம்பளம் கம்மி, தினமும் பஸ். ஆனாலும் ஓய்வு பெறும்வரை அங்கேதான் வண்ணம் கலக்கினார். முதலாளி கேட்ட அந்தக் கேள்வியை ஆம்பூரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.