மெதுவாகப் போனால் ஆடும் சொம்புகள்

நெல் மில் நடத்துகிறவளுக்கு நெல்லால் வரும் தொல்லை குறைவு, எதிர்வீட்டால் வருவதுதான் அதிகம். கணவர் ஆசைப்பட்டு ஆரம்பித்துவிட்டுத் தன் தலையில் கட்டிய தொழிலைச் சுமக்கும் சகோதரி யாராவது இதைப் படித்தால், இந்த இடத்திலேயே பெருமூச்சு விடுவாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் கணவர் நசரத்பேட்டையில் எண்ணெய் எஞ்சின் இறக்கி மில் போட்டார். பிறகு பட்டணத்து ஆபீஸுக்கே திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து எஞ்சினைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் நான்.

சொம்புக்குக் கூலி

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் என்னைவிட மூத்தவள். நான் அக்கா என்பேன். அவள் என்னை என்னவெல்லாமோ என்பாள். எஞ்சின் ஓடினால் அவள் வீட்டுச் சுவரில் அடித்திருந்த பலகை நடுங்கும், அதன்மேல் இருந்த பித்தளைச் சொம்புகள் கிணுகிணுக்கும். பக்கத்து வீடுகளில் ஒரு டம்ளர்கூட அசையாது. அதிர்வை நான் வேண்டுமென்றே அவள் வீட்டுக்கு மட்டும் அனுப்புவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் நெல் அரைக்க வந்த கூட்டத்தின் நடுவே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நெல்லு உன் மில்லுல அரையுது, சொம்பு என் ஊட்ல ஆடுது. கூலில பாதி எனக்குக் குடுடி."

மாட்டு வைத்தியம்

அவள் மகள் பிரசவத்துக்கு வந்ததும் வேடிக்கை போயிற்று. பிள்ளைத்தாய்ச்சி கண் மூட முடியவில்லை என்று கோவிந்தம்மாள் கிராம முன்சீப்பிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவரே வந்து பார்ப்பதாகவும், அதற்குள் அதிர்வு அடங்காவிட்டால் மில்லை மூட வேண்டியதுதான் என்றும் சொல்லி அனுப்பினார். மூடினால் எனக்கு நஷ்டம் என்பது இருக்கட்டும். ஊர்ப் பெண்கள் திரும்ப உலக்கையைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் நெல்லைப் பூந்தமல்லிக்குச் சுமக்க வேண்டும்.

எஞ்சின் டிரைவர் ஏகாம்பரம் என்னைக் கேட்காமலே வேகத்தைக் குறைத்துவிட்டார். அதுவரை கிணுகிணுத்த சொம்புகள் அன்று பலகையில் நடந்துபோய்க் கீழே குதித்தன. ஏன் குறைத்தீர் என்று கத்தினேன். அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

"மொரட்டு மாட்டக்கூட மெதுவா ஓட்டினா ஒதைக்காதும்மா. இன்னும் கொஞ்சம் கொறைச்சுப் பாப்போம்."

கான்வென்ட் ஊஞ்சல்

சமாதானம் பேசக் கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போனேன். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. நின்றபடியே சொம்புகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்காக ஏகாம்பரம் எஞ்சினை நிறுத்தினார். டுப்... டுப்... என்று அது சுணங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொம்புகள் கப்சிப். எஞ்சின் இன்னும் நிற்கவில்லை, ஆனால் ஆட்டம் நின்றுவிட்டது.

கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் ஊஞ்சலை வைத்து ஒரு பாடம் நடத்தினார். ஆடும் எதற்கும் சொந்தத் தாளம் ஒன்று உண்டு. அந்தத் தாளத்தோடு சேர்ந்து தள்ளினால் நோஞ்சான் பெண்ணும் ஊஞ்சலை மாமரம் வரைக்கும் அனுப்பலாம். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வானுக்கும் அசையாது. ஒத்ததிர்வு என்று இப்போது பேர் வைத்திருக்கிறார்கள். கோவிந்தம்மாளின் பலகைக்கு ஏகாம்பரத்தின் மெதுவான ஓட்டம்தான் சொந்தத் தாளம். இன்னும் குறைத்தால் பலகை அடங்கும், ஆனால் நெல் அரையாது. ஆகவே கூட்டுவதுதான் வழி. எஞ்சினில் பெல்ட் ஓடும் சக்கரத்தைச் சிறிதாக மாற்றிவிட்டால், எஞ்சின் வேகமாக ஓடினாலும் அரைக்கும் யந்திரம் பழைய வேகத்திலேயே சுற்றும், அரிசியும் நொறுங்காது. விளக்கிச் சொன்னேன். ஏகாம்பரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூட்றதுன்னு முடிவு பண்ணிட்டா சொல்லிடும்மா, ஊட்டை இடிச்சுட்டு இன்னாத்துக்கு மூடணும்?"

வெள்ளிக்கிழமை

முன்சீப் கோவிந்தம்மாள் வீட்டில் பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வாசலில். சக்கரத்தை மாற்றியாயிற்று. என்ன சத்தம் கேட்டாலும் நடுவில் குறைக்கக் கூடாது என்று ஏகாம்பரத்திடம் சொல்லியிருந்தேன். எஞ்சின் கிளம்பியது. வேகம் ஏறும் வழியில் அந்தப் பாழாய்ப்போன தாளத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? சொம்புகள் குதித்தன. முன்சீப் எழுந்துவிட்டார். ஏகாம்பரம் தெருவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். ஏற்று என்று கையைக் காட்டினேன்.

ஏறியது. கிணுகிணுப்பு தேய்ந்து நின்றது. பலகை சுவரோடு சுவராக இருந்தது. முன்சீப் ஒரு சொம்பின்மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். உள்ளே மகள் சுவர்ப்பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் அவளை எட்டிப் பார்த்தாள், என்னை ஒரு முறை முறைத்தாள், உள்ளே போய் நெல்மூட்டையை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மில் வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள்:

"நவுருங்கடி, மொத மூட்டை என்னுது. இத்தினி நாளு சொம்பாட்டம் பாத்துகினு கீறேன்ல."

பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னை மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்றுதான் சொல்லி வந்தார்கள். வேகமாகப் போனால்தான் ஊர் நிம்மதியாகத் தூங்கும் என்பதற்கு இப்போது என்னிடம் ஓர் எஞ்சினே சாட்சி இருக்கிறது.