கிளம்பும் நேரத்து நொண்டல்

நான் வேலைக்குப் பையை எடுத்தால் போதும், என் நாய் மணி நொண்ட ஆரம்பிக்கும். எக்ஸ்ரே பார்த்த தேனி டாக்டர், "எலும்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுல வேற யாரும் இல்லையா?" என்றார்.

கம்பம் ஊரில் என் சிறுவயதில், விடியும் முன்னே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குவாளியோடு கிளம்புவாள். நான் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வருவேன்.

"ஏலே, நேத்து வலது காலுதான வலின்னு சொன்ன?" என்பாள். ஆனாலும் இடது காலில் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் போவாள். இருட்டியபின் ஏலக்காய் வாசத்தோடு அவள் திரும்பும்வரை, அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் எனக்குத் துணை.

ஜீப்பில் ஏறிய அம்மா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அது எனக்குப் பெரிய குறை.

இன்று மணியின் காலைத் தடவிவிட்டுக் கதவைப் பூட்டினேன். உள்ளே அது நொண்டாமல் நடந்துவந்து கதவோரம் படுக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.