கிராம்பு எண்ணெய் வாங்க வந்தவர்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் என் எண்ணெய்க் கடைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் மாதம் தவறாமல் வருவார். ஒல்லியான உருவம். முகக்கவசத்தை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. நாள் முழுக்க வாடை பிடித்து மூக்கு சலித்துப்போச்சாம். மருந்துக்கு அடங்காத புண் கிருமிகள், அந்த மருந்தோடு கிராம்பு எண்ணெயும் சேர்ந்தால் சாகின்றனவா என்று கடை கடையாக வாங்கிச் சோதிக்கிறார்.

ஒருநாள் என் கால் புண்ணில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டார்.

"அங்கிள், ஆன்டிபயாட்டிக் சாப்பிடறீங்களா?"

"நிறுத்திட்டேன். நம்ம எண்ணெயத்தான் ஊத்தறேன். நீங்க சொன்னதுதானே?"

"ரெண்டும் சேத்துன்னு சொன்னேன். அதுவும் லேப் கண்ணாடித் தட்டுல லா, உங்க கால்ல இல்ல! சுகர் வேற இருக்கு. கிளம்புங்க!"

கடையைச் சாத்தவைத்து, டாக்சி பிடித்து பாலிகிளினிக்குக் கூட்டிப்போனார். தாதி கட்டைப் பிரித்ததும், அந்தப் பெண் முகக்கவசத்தை இறக்கி அதை முகர்ந்தார்.

"அங்கிள், இதுல கிராம்பே இல்ல. உங்க கடை எண்ணெய்க்கு மட்டும் கிருமி ஏன் சாகலன்னு இப்பதான் புரியுது."

கால் ஆறிவிட்டது. அவர் இன்னமும் வருகிறார். சரக்கு அனுப்புகிறவரை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். பிறகு முகக்கவசத்தை இறக்கி, புட்டியைத் திறந்து முகர்ந்தார்.