எங்கள் வீட்டில் டாக்டர் இல்லை

போன கிழமை இந்தப் பத்தி வரவில்லை. 'சுகவீனம்' என்று பத்திராதிபர் ஒரு வரி போட்டிருந்தார். சுகவீனம் உண்மைதான். ஆனால் எனக்கல்ல... அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு.

அதில் என் பங்கு என்ன என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இரவு விளக்கொளியில் அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை. பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். வேலியின் சின்ன இடைவெளிப் பொட்டுக்குள்ளால் ராசம்மா எட்டிப் பார்த்தாள். அடுத்த வளவுக்காரி. புருஷன் கந்தையா புகையிலைத் தோட்டம் செய்கிறார். மகள் பெயர் தங்கம்.

"ரீச்சர், டாக்குத்தர்ப் பிள்ளை எப்ப வாறா?"

"நாளைக்குப் பின்னேரம். ஏன்?"

"தங்கத்துக்கு வயித்துக்குத்து. ரெண்டு தரம் சத்தியும் எடுத்திட்டாள், குடிச்ச தண்ணியும் வெளியிலை வந்திட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமெண்டா இவர் விடுறாரில்லை. பெரியபிள்ளையாகித் தண்ணி வாத்து ஒரு மாசம் ஆகேல்லை, ஆம்பிளை டாக்குத்தர் வயித்தைத் தொட்டுப் பாக்கிறதோ எண்டு நிக்கிறார். எங்கடை புவனம் எண்டா ஒரு கரைச்சலும் இல்லைத்தானே."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புவனம் என் மகள். சென்னையில் படிக்கிறாள். அது உங்களுக்குத் தெரியும். விடுதிச் சாப்பாடு, தனுஷ்கோடிக் கப்பல், அவள் வாங்கி வந்த சுங்குடிச் சேலை... எல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன். என்ன படிக்கிறாள் என்று மட்டும் எழுதவில்லை. 'மேற்படிப்பு' என்றே எழுதி வந்தேன். கவனித்தீர்களா?

அவள் படிப்பது எஞ்சினியரிங்.

டாக்டர் என்ற கதையை நான் கட்டவில்லை. புவனம் சென்னைக்குப் போன புதிதில் ஒரு கலியாண வீடு. இவருடைய, அதாவது என் புருஷனுடைய தங்கை, என் மச்சாள், என்னைப் பந்தல் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எஞ்சினியர் எண்டு ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ மச்சாள். எங்கடை சனத்துக்கு அந்த வேலையிலை தெரிஞ்ச ஆக்கள் ஆர்? ஓவசியர்மார். தார்ப் பீப்பாவுக்குப் பக்கத்திலை தொப்பியோடை நிண்டு கூலியாக்களை ஏசுறவை. நாளைக்கு உவளை ஆர் கட்டுவினம்? நான் டாக்குத்தருக்குப் படிக்கிறாள் எண்டு சொல்லி விட்டிட்டன்."

நான் மறுத்தேனா? இல்லை. சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்தச் சிரிப்பு மூன்று வருடம் ஊரெல்லாம் நடந்து திரிந்தது.

லீவில் வரும்போது புவனம் தன் படிப்பைப் பற்றி நிறையச் சொல்வாள். வகுப்பு முழுவதும் ஆண்கள். இவள் இருக்கும் வாங்குப் பலகையில் இரண்டு பக்கமும் வெறுமை. பேராசிரியர் 'ஜென்டில்மென்' என்று தொடங்குவாராம். பிறகு இவளைக் கண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் 'ஜென்டில்மென்' என்பாராம். நிலம் அளக்கப் போனால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்பற்றைக்குள்ளால் சங்கிலி பிடிக்க வேண்டும். தெருப் பிள்ளைகள் சர்க்கஸ் வந்ததுபோலப் பின்னால் ஓடி வருவார்கள். பட்டறையில் இரும்புக்கு அரம் போட்டுப் போட்டு உள்ளங்கை காய்த்துவிட்டது.

சிரித்துச் சிரித்துச் சொல்வாள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கேட்பேன்.

சரி... வேலிக்குத் திரும்புகிறேன். ராசம்மா பதிலுக்குக் காத்து நின்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'அவள் டாக்டர் இல்லை' என்றால், 'அப்ப இவ்வளவு நாளும் ஏன் ரீச்சர் பேசாமல் இருந்தனீங்கள்?' என்று கேட்பாளே. அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

"உது பெட்டையளுக்கு வாற குத்துத்தான் ராசம்மா. ஒத்தடம் குடும். நாளைக்குப் புவனம் வந்து பாப்பாள்."

மற்றவர்கள் சொன்னதற்கு இவ்வளவு காலமும் சும்மா இருந்தவள், முதன்முதலாக என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ப் பின்னக் கணக்குப் படிப்பித்தேன்.

மறுநாள் பின்னேரம் கொடிகாமம் ஸ்டேஷனுக்கு இவர் வாடகைக் கார் பிடித்துப் போய் மகளைக் கூட்டி வந்தார். வாசலில் கார் நிற்கவும், வேலிக்கு அங்கால் இருந்து கந்தையா தங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. விறாந்தையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பிள்ளை முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"வந்திட்டியே பிள்ளை," என்றாள் ராசம்மா. "நேற்றுத் துவங்கி உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்."

புவனம் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து தங்கத்தின் கையைப் பிடித்தாள். ராசம்மாவின் கண் அந்தக் கையில் போய் நின்றது.

"உதென்ன பிள்ளை, கை இப்பிடிக் காய்ச்சுப் போய்க்கிடக்கு?"

"பட்டறையிலை வேலை அக்கா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஏனம்மா இஞ்சை வைச்சிருக்கிறியள்?"

நான் குனிந்து பாயின் ஓரத்தை நீவினேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஏற்கெனவே ஊர்க் கதை கொஞ்சம் காதில் விழுந்திருக்கும். அது இவ்வளவு தூரம் வரும் என்று நினைத்திருக்க மாட்டாள்.

"ராசம்மாக்கா, நான் டாக்குத்தர் இல்லை. நான் படிக்கிறது எஞ்சினியரிங். பாலம், றோட்டு, கட்டிடம். எனக்கு மருந்து ஒண்டும் தெரியாது. உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

ராசம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர்..." என்றாள். மிச்சத்தை விட்டுவிட்டுக் குனிந்து மகளைத் தூக்கினாள். சொல்லியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

கார் இன்னும் வாசல் படலையடியில்தான் நின்றது. தங்கத்தைப் பின்சீற்றில் கிடத்தி, ராசம்மாவின் மடியில் தலையை வைத்தோம். கார்க்காரர் முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். எஞ்சின் இருமியது. நின்றது. திரும்பவும் சுழற்றினார். திரும்பவும் இருமல்.

"தங்கச்சி எஞ்சினியர் எண்டு சொல்லிச்சுது," என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "உதை ஒருக்காப் பாக்கலாமே?"

கதை என்றால் இந்த இடத்தில் என் மகள் மூடியைத் திறந்து எதையோ தட்டிக் காரை ஓட வைத்திருப்பாள். நடந்தது அதுவல்ல.

"எனக்குக் கார் தெரியாது அண்ணை. நீங்கள் ஏறுங்கோ. நாங்கள் தள்ளுறம்."

சேலையை இழுத்துச் செருகினாள். கந்தையா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நடுவில் என் மகள். எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும் வேலிகளுக்கு மேலால் தலைகள். மூன்று வருடமாக நான் எந்தக் காட்சியை யாரும் காணக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேனோ, அதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். புவனம் செருப்பில்லாத ஒரு கூலிக்காரனைப்போலக் காலை ஊன்றித் தள்ளினாள். சப்பாத்து எங்கேயோ கழன்றுவிட்டிருந்தது. முடக்கில் திரும்பும்போது கார் உறுமியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டோம்.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வல்லை வெளி றோட்டு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் தங்கம் ஒருதரம் கத்தினாள்.

பட்டணத்தில் பெரிய டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆண்தான். கந்தையா சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு சம்மதமாகத் தலையை ஆட்டினார். குடலில் ஏதோ பழுத்து உடைந்துவிட்டதாம். "நேற்றே கொண்டு வந்திருக்க வேணும்," என்றார் டாக்டர். எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியும் அது யாருக்கு என்று.

உள்ளே கத்தி வேலை நடக்கும்போது வெளியே வாங்கில் புவனம் என் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, நான் படிக்கிறது உங்களுக்கு வெக்கமோ?"

"இல்லைப் பிள்ளை..."

"அப்பா வேண்டாமெண்டு நிக்க, சண்டை பிடிச்சு என்னை அனுப்பினது நீங்கள்தானே."

ஆமாம், நான்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரியாக ஒரு மகள் பிறந்ததில் எனக்குள் எவ்வளவு பெருமை. அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். எங்களில் பலர் இப்படித்தான், இல்லையா? பிள்ளைகளைத் துணிந்து படிக்க அனுப்புவோம். படிக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் துணிவு வராது.

பல நாள் ஆபத்தாக இருந்தது. ராசம்மா கட்டிலடியை விட்டு நகரவில்லை. நான் கஞ்சி கொண்டு போவேன். வாங்கி வைப்பாள். முகம் பார்க்க மாட்டாள்.

முந்தநாள் தங்கம் எழும்பி இருந்து கஞ்சி குடித்தாள். அப்போதுதான் ராசம்மா வாய் திறந்தாள்.

"ரீச்சர், புவனம் படிக்கிறது றோட்டுப் போடவோ?"

"ஓம்."

"வல்லை வெளியிலை ஒவ்வொரு குழிக்கும் என்ரை பிள்ளை கத்தினது உங்களுக்கும் கேட்டதுதானே?"

"கேட்டது."

"பிறகு... உதைப் படிக்கிறதிலை என்ன வெக்கத்தைக் கண்டியள்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அடுத்த கட்டில்காரி, யார் றோட்டுப் போடப் போகிறார்கள் என்று விளங்காமல், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வெறும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகள் சென்னையில் எஞ்சினியரிங் படிக்கிறாள் — இந்த ஒரு வரியை நான் எழுத, அடுத்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் கத்தி பட வேண்டியிருந்தது.